வாப்பாவின் போனும் திரும்பும் குடையும்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசிக்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில்தான் இது எல்லாம் தொடங்கியது.

2022 மின்வெட்டுக் காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். டீசல் இல்லை. கடதாசி இல்லை. அந்த நாட்களில் ஒரு நாள், பாடசாலை அலுவலக அறையில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் இருந்து தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டு இருந்தோம். ஒருவர் புள்ளியை வாசிப்பார், ஒருவர் அடிப்பார், ஒருவர் சரிபார்ப்பார். இரண்டு வகுப்பு முடிந்து மூன்றாவது வகுப்புக்கு வந்துவிட்டோம். இரண்டு மணிக்குத்தான் கரண்ட் போகும் என்று அட்டவணை சொன்னது. ஒன்றேகாலுக்கே போய்விட்டது. யூபிஎஸ் பழுதாகிக் கனகாலம்.

திரை கறுத்த பிறகு ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "சேவ் பண்ணின தானே?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்று மணித்தியால வேலை இரண்டு செக்கனில் இல்லாமல் போனது. கரண்ட் வந்த பிறகு முதலில் இருந்து தொடங்கினோம்.

அதே மாதம் வீட்டில் இன்னொரு சம்பவம். எங்கள் வாப்பா மௌத்தாகி அப்போது மூன்று வருடம். உம்மா அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு லேஞ்சிக்குள் சுற்றி வைத்த வாப்பாவின் பழைய போன் வந்தது. மூன்று வருடமாக யாரும் தொடவில்லை. பெற்றரி செத்துக் கிடந்தது. அதற்குப் பொருந்துகிற சார்ஜரைத் தேடி எடுத்து, இரவு கரண்ட் இருந்த ஒரு மணித்தியாலத்துக்குள் செருகிப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் திரை எரிந்தது.

உள்ளே குரல் பதிவுகள் இருந்தன. ஒன்றை அழுத்தினோம்.

"மகன், வரக்குள்ள ரெண்டு றாத்தல் பாணும் உம்மாட கால் நோவுக்கு அந்த எண்ணெயும் எடுத்துட்டு வாங்க. இருட்டுறத்துக்கு முந்தி வந்துருங்க."

பதினொரு செக்கன். அவ்வளவுதான். உம்மா கட்டிலில் அப்படியே இருந்துவிட்டார். நாங்கள் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எங்களிடம் வாப்பாவின் இளமைக் காலப் படம் ஒன்றுகூட இல்லை. 2004 டிசம்பரில் கடல் வந்தபோது வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. உம்மா வாப்பாவின் கலியாணப் படமும் அதில்தான் போனது. கரையோரத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தக் குரல் பதிவுகள் எங்கள் போன்களுக்கும் வந்தவைதான். போன் மாற்றி மாற்றி நாங்கள் தொலைத்துவிட்டோம். செத்துக் கிடந்த அந்தப் போன் மட்டும் தொலைக்கவில்லை.

அடுத்த கிழமை தரம் 10 வகுப்பில் தகவல் தொழினுட்பப் பாடம். கொம்பியூட்டர் நினைவகம்தான் அன்றைய பாடம் என்பதால் இரண்டு கதையையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஒரு மகள் எழும்பிக் கேட்டாள்:

"சேர், பாடசாலைக் கொம்பியூட்டர் ரெண்டு செக்கனில மறந்துட்டு. உங்கட வாப்பாட போன் மூணு வருஷம் மறக்கல்ல. ரெண்டுக்கும் கரண்ட் இல்லத்தானே. அப்ப ஏன் சேர்?"

நாங்களும் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னோம். ஒன்று நிலையற்ற நினைவகம், மற்றது நிலையான நினைவகம் என்றோம்.

"அது பேர் சேர். காரணம் என்ன?"

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விரிவுரையாளர், தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள் என்பார். அன்று சொன்னோம். "தெரியாது மகள். பார்த்துச் சொல்றோம்."

பார்த்துச் சொல்ல வெளிக்கிட்டது இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டது. பக்கத்துப் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் கை கொடுத்தார். இரவில் போனில் வாசிப்போம், விளங்காததை அவரிடம் கேட்போம். விளங்கிக்கொண்டதை எங்கள் மொழியில் இங்கே எழுதுகிறோம்.

முதலில், கொம்பியூட்டர் ஏன் மறந்தது?

கடையில் 4 ஜீபி ரெம், 8 ஜீபி ரெம் என்று சொல்கிறார்களே, வேலை நடக்கும்போது எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அது கோடிக்கணக்கான குட்டிக் குட்டி வாளிகள் மாதிரி. வாளியில் மின்னேற்றம் இருந்தால் 1. இல்லாவிட்டால் 0. ஆனால் ஒவ்வொரு வாளியிலும் ஓட்டை. அதனால் ஒரு செக்கனுக்குள்ளேயே பல தடவை, பொதுவாக 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை, எல்லா வாளியையும் பார்த்துப் பார்த்து மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் நிரப்ப ஆள் இல்லை. வாளி வற்றிவிடும். எங்கள் புள்ளிகள் வற்றியது இப்படித்தான்.

வாப்பாவின் போன் ஏன் மறக்கவில்லை?

போனிலும் பென் ட்ரைவிலும் இருப்பது பிளாஷ் நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை செய்த ஃபுஜியோ மசுஓகா என்பவர் 1980 களில் கொண்டுவந்தது. இங்கே வாளிக்குப் பதிலாக நாலு பக்கமும் மூடிய ஒரு போத்தல் இருக்கிறது என்று வையுங்கள். சுற்றிவர மின்னைக் கடத்தாத சுவர். உயர்ந்த வோல்ற்றளவு கொடுத்து இலத்திரன்களை அந்தச் சுவருக்குள்ளால் உள்ளே தள்ளிவிடுவார்கள். கரண்ட் போனாலும் அவை வெளியே வர வழி இல்லை. குரல் அங்கே அடைபட்டுக் கிடக்கிறது.

ஆனால் வாசித்துக்கொண்டு போகும்போது ஒரு இடத்தில் நெஞ்சு திக் என்றது. அந்தச் சுவர் பூரணமான சுவர் இல்லை. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் கொஞ்சம் நலிகிறது. இலத்திரன்கள் மிக மெதுவாகக் கசிகின்றன. சூடு கூடினால் கசிவும் கூடும். பொதுவாக ஒரு பத்து வருடம் தாங்கும் என்ற கணக்கில்தான் செய்கிறார்கள். அதிகம் எழுதி அழித்துத் தேய்ந்ததாக இருந்தால் அதற்கு முதலே போகலாம்.

அதாவது அலுமாரிக்குள் இருந்த போன் மறக்காமல் இருக்கவில்லை. மெதுவாக மறந்துகொண்டு இருந்தது. நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவே எல்லாப் பதிவுகளையும் எடுத்து மூன்று இடத்தில் வைத்தோம். பிறகுதான் அந்த மகளுக்குப் பதில் சொன்னோம். அவள் கேட்டுவிட்டு உடனே அடுத்ததைக் கேட்டாள்: "அப்ப கசியாத ஒண்டு இல்லையா சேர்?"

இந்தப் பதிவு உண்மையில் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

யோசித்துப் பாருங்கள். வாளியோ போத்தலோ, இரண்டிலும் நாம் மின்னைச் சேமித்து வைக்கப் பார்க்கிறோம். மின் என்பது ஓடப் பார்க்கிற சாமான். ஓடுவதைப் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். அதை விட்டுவிட்டு, ஒரு பொருளுக்குள் அணு இருக்கும் இடத்தையே மாற்றி வைத்தால்? அணு ஒரு பக்கம் இருந்தால் 1. மறுபக்கம் இருந்தால் 0. அணு பாட்டுக்கு அங்கே இருக்கும். அதைப் பிடித்து வைக்கக் கரண்ட் தேவையில்லை.

அப்படிப்பட்ட பொருட்கள் இருக்கின்றன. பெரோஎலெக்ட்ரிக் என்று பெயர். 'பெரோ' என்றால் இரும்பு என்று நினைக்க வேண்டாம், இதற்குள் இரும்பு இருக்க வேண்டும் என்றில்லை. காந்தம் எப்படித் தன் வடக்கு தெற்கை ஞாபகம் வைத்திருக்கிறதோ, அப்படி இது தன் நேர் மறைப் பக்கத்தை ஞாபகம் வைத்திருக்கும். அந்த ஒற்றுமையால் வந்த பெயர். ஒரு பக்கம் மின்புலம் கொடுத்தால் அணுக்கள் ஒரு பக்கம் நகரும். மின்புலத்தை எடுத்த பிறகும் அங்கேயே நிற்கும். எதிர்ப்பக்கம் கொடுத்தால்தான் திரும்பும்.

இதை முதலில் கண்டவர் ஜோசப் வலசெக். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1920 இல், அப்போது ஒரு மாணவராக இருந்துகொண்டே, ரொஷெல் உப்பு என்ற பளிங்கில் கண்டார். 1952 இல் எம்ஐடியில் டட்லி பக் என்ற இன்னொரு மாணவர், இதைக் கொம்பியூட்டர் நினைவகத்துக்குப் பாவிக்கலாம் என்று தன்னுடைய முதுமாணி ஆய்வில் எழுதினார். கவனியுங்கள், இரண்டு பேரும் மாணவர்கள்.

யோசனை 1952 இல் வந்துவிட்டது. அப்படியானால் ஏன் இன்னும் நம் போன்களில் இல்லை?

பொருள் சரிவரவில்லை. 1990 களில் இப்படியான நினைவகங்கள் விற்பனைக்கு வந்தன. மின்மானி போன்ற சில இடங்களில் பாவிக்கவும் பாவித்தார்கள். ஆனால் அதற்குள் இருந்த பழைய பெரோஎலெக்ட்ரிக் பொருட்கள் சிக்கலானவை. அதிகம் பாவித்த ஒன்றில் ஈயம் இருந்தது. சிலிக்கன் சிப் செய்கிற தொழிற்சாலைக்குள் அவை ஒத்துப்போகவில்லை. மிக மெல்லியதாக்கினால் குணத்தை இழந்தன.

2011 இல் ஒரு திருப்பம். ஹஃப்னியம் ஒட்சைட்டு என்ற பொருள், சிப்களுக்குள் ஏற்கனவே பாவனையில் இருந்தது, கொஞ்சம் பக்குவப்படுத்தினால் பெரோஎலெக்ட்ரிக் ஆகிறது என்று ஜேர்மனியில் இருந்து அறிவித்தார்கள். எங்கள் புல்மோட்டைக் கடற்கரை மணலில் சிர்கோன் என்று ஒரு கனியம் இருக்கிறதல்லவா, ஹஃப்னியம் அந்தச் சிர்கோனுக்குள்தான் சிர்கோனியத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். வகுப்பில் இதைச் சொன்னபோது, புல்மோட்டையில் சொந்தக்காரர் உள்ள பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது எங்கள் கதையின் நாயகனுக்கு வருகிறோம். நைத்திரைட்டு.

அலுமினியம் எல்லோருக்கும் தெரியும். குசினியில் சட்டியாகவும் கேத்தலாகவும் இருக்கிறது. நைதரசன் நாம் சுவாசிக்கிற வளியில் 78 வீதம். இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் நைத்திரைட்டு. இதுவும் புதிய சாமான் இல்லை. எத்தனையோ ஸ்மார்ட் போன்களில், வேண்டிய அலைவரிசையை மட்டும் வடித்து எடுக்கும் ஒரு சிறிய பாகத்தில் இது மென்படலமாக இருக்கிறது. நாம் பொக்கெட்டுக்குள்ளேயே கொண்டு திரிந்திருக்கிறோம்.

இதற்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்ல நாங்கள் வகுப்புக்கு ஒரு குடை கொண்டுபோனோம். ஒவ்வொரு அலுமினிய அணுவுக்கும் நாலு நைதரசன் அயலவர். மூன்று பேர் குடைக்கம்பி மாதிரி விரிந்து நிற்பார்கள், ஒருவர் கைபிடி மாதிரி நேராக நிற்பார். பளிங்கு முழுக்க எல்லாக் குடையும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கும். அதனால் படலத்தின் ஒரு முகம் நேர், மறுமுகம் மறை.

மாரி காலத்தில் கடற்கரை வீதியால் நடந்தவர்களுக்குத் தெரியும். பலத்த காற்று ஒன்று அடித்தால் குடை மறுபக்கம் திரும்பிவிடும். காற்று நின்ற பிறகும் அது தானாகத் திரும்பி வராது. நாம்தான் இழுத்துத் திருப்ப வேண்டும். இந்தப் பக்கமும் ஒரு நிலை, அந்தப் பக்கமும் ஒரு நிலை. நடுவில் தட்டையாக நிற்காது. நினைவகத்துக்குத் தேவையானது இதுதானே!

அப்படியென்றால் அலுமினியம் நைத்திரைட்டை எப்போதோ நினைவகம் ஆக்கியிருக்கலாமே?

அங்கேதான் பிரச்சினை. இந்தக் குடை மிகவும் இறுக்கமான குடை. திருப்புவதற்குத் தேவையான காற்றைக் கொடுத்தால், திரும்புவதற்கு முன்பே துணி கிழிந்துவிடும். அதாவது அந்தளவு மின்புலத்தைக் கொடுக்கும்போது பொருளே மின்னுடைந்து பழுதாகிவிடும். ஆகவே இதைத் திருப்ப முடியாது, இது பெரோஎலெக்ட்ரிக் இல்லை என்றே பல்லாண்டு காலம் புத்தகங்களில் இருந்தது. புத்தகம் பொய் சொல்லவில்லை. சுத்தமான அலுமினியம் நைத்திரைட்டை வைத்துச் சோதித்தவர்கள் கண்டது அதைத்தான்.

2009 இல் ஜப்பானில் மொரிட்டோ அக்கியாமாவும் அவருடைய குழுவும் வேறு ஒரு நோக்கத்துக்காக, அலுமினியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்கந்தியம் என்ற மூலகத்தை வைத்தார்கள். அழுத்தினால் மின் தரும் குணம் இந்தப் பொருளுக்கு ஏற்கனவே உண்டு, ஸ்கந்தியம் சேர்ந்ததும் அது பல மடங்கு கூடியது. ஸ்கந்தியம் அலுமினியத்தை விடப் பெரிய அணு, அந்தக் குடை வடிவத்துக்குள் வசதியாக இருக்க மாட்டாது. தட்டையாக இருக்கவே அதற்கு விருப்பம். அதனால் முழுக் குடையும் கொஞ்சம் இளகிவிடுகிறது.

இளகிய குடையைத் திருப்பிப் பார்த்தால் என்ன என்று கேட்டவர்கள் ஜேர்மனியில் இருந்தார்கள். கீல் பல்கலைக்கழகத்தையும் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தையும் சேர்ந்த சைமன் ஃபிக்ட்னரும் குழுவினரும் 2019 இல் அறிவித்தார்கள்: ஸ்கந்தியம் கலந்த அலுமினியம் நைத்திரைட்டு திரும்புகிறது, கிழியாமல் திரும்புகிறது, திரும்பிய பக்கமே நிற்கிறது. நைத்திரைட்டுக் குடும்பத்தில் பெரோஎலெக்ட்ரிக் என்று உறுதியாகக் காட்டப்பட்ட முதல் பொருள் அதுதான். அதன்பின் 2021 இல் அமெரிக்காவில் ஸ்கந்தியத்துக்குப் பதிலாக போரன் கலந்தும் செய்து காட்டினார்கள்.

ஆவர்த்தன அட்டவணை படிக்கும் பிள்ளைகளுக்கு இடையில் ஒரு சின்னச் செய்தி. ஸ்கந்தியத்தைக் காண்பதற்கு முன்பே, அட்டவணையில் போரனுக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருக்கிறது, அங்கே ஒரு மூலகம் வர வேண்டும் என்று 1871 இல் மெண்டலீவ் எழுதிவைத்தார். 1879 இல் சுவீடனில் நில்சன் அதைக் கண்டுபிடித்தார். அதுதான் இது.

இனி கணக்குக்கு வருவோம். கணக்கில்லாமல் விஞ்ஞானம் வெறும் கதை.

இந்தக் குடையைத் திருப்பச் சதம மீற்றருக்கு ஏறக்குறைய 30 இலட்சம் வோல்ற்று தேவை. கேட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கே போவது 30 இலட்சம் வோல்ற்றுக்கு? ஆனால் ஒரு சதம மீற்றர் தடிப்பான பொருளுக்குத்தானே அவ்வளவு. நாங்கள் செய்வது மென்படலம். 10 நனோமீற்றர் தடிப்பு என்று எடுத்தால், ஒரு சதம மீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 30 இலட்சத்தைப் பத்து இலட்சத்தால் பிரித்தால் 3. மூன்றே வோல்ற்று! இரண்டு டோர்ச் பெற்றரி போதும். கரும்பலகையில் இதைப் போட்டு முடித்தபோது வகுப்பில் ஒரு சத்தம் எழும்பியது. மென்படலம் என்று ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று அப்போதுதான் எங்களுக்கும் விளங்கியது.

10 நனோமீற்றர் என்றால் எவ்வளவு? அப்படிப் பத்தாயிரம் படலத்தை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஒரு கடதாசியின் தடிப்பு வரும். கீல் குழுவினர் 2023 இல் 5 நனோமீற்றரை விட மெல்லிய படலத்தையும் 1 வோல்ற்றில் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள்.

இதை எப்படிச் செய்கிறார்கள்? வளியை உறிஞ்சி எடுத்த ஒரு அறைக்குள் அலுமினியத் தட்டும் ஸ்கந்தியத் தட்டும் இருக்கும். ஆகன், நைதரசன் வாயுக்களைக் கொஞ்சம் விட்டு, மின் கொடுத்து அயன்களாக்குவார்கள். அயன்கள் போய்த் தட்டில் மோதும். மோதலில் தெறிக்கிற அணுக்கள் நைதரசனோடு சேர்ந்து முன்னால் வைத்த சிலிக்கன் தகட்டில் படியும். கெரம் விளையாடத் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இதற்கு 400 பாகை செல்சியசுக்கு மேல் சூடு தேவையில்லை. அது பெரிய விசயம். ஏற்கனவே செய்து முடித்த ஒரு சிப்பின் மேலேயே இந்த நினைவகத்தைப் போடலாம், கீழே உள்ள வேலைப்பாடு கெடாது. இப்போது கணக்குப் போடும் இடம் ஒன்று, ஞாபகம் வைக்கும் இடம் இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் போய்வருவதிலேயே நிறைய மின்சாரம் வீணாகிறது. இரண்டும் மாடி வீடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் அந்த அலைச்சல் குறையும்.

2024 ஏப்ரலில் வந்த செய்திதான் எங்களை இந்தப் பதிவை எழுத வைத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தீப் ஜரிவாலா, ரோய் ஒல்சன் ஆகியோரின் குழு 45 நனோமீற்றர் படலத்தால் ஒரு நினைவகம் செய்து, அதை 600 பாகை செல்சியசில் வைத்து 60 மணித்தியாலத்துக்கு மேல் சோதித்தது. மறக்கவில்லை. அலுமினியச் சட்டி உருகுவது 660 பாகையில். அதற்குச் சற்றுக் கீழே இது ஞாபகத்தோடு இருக்கிறது! சாதாரண சிலிக்கன் சிப்கள் 200, 300 பாகையிலேயே தடுமாறத் தொடங்கிவிடும்.

இவ்வளவு சூடு யாருக்குத் தேவை என்று கேட்கலாம். பூமியை ஆழத் துளைப்பவர்களுக்குத் தேவை. விமான எஞ்சினுக்குள் வைப்பவர்களுக்குத் தேவை. வெள்ளிக் கிரகத்தின் தரை ஏறக்குறைய 460 பாகை. 1982 இல் அங்கே இறங்கிய சோவியத்தின் வெனேரா 13 கலம் 127 நிமிடம்தான் தாங்கியது. அடுத்துப் போகிற கலத்துக்கு இப்படியான மூளை தேவை.

இத்தனையும் சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த நினைவகம் கடைக்கு இன்னும் வரவில்லை. நாளைக்கே வரும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். படலம் மெல்லியதாகும்போது கொஞ்சம் மின் கசிகிறது. ஸ்கந்தியம் விலை கூடியது, உலகம் முழுவதற்கும் வருடத்தில் சில பத்துத் தொன்தான் கிடைக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. அதை எங்களை விட அந்த மகளே நன்றாகச் சொன்னாள்.

அவள் இப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவு. போன மாதம் தங்கச்சியின் பெற்றோர் கூட்டத்துக்கு உம்மாவோடு வந்திருந்தாள். நாங்கள் அவளைக் கூப்பிட்டு, "மகள், உங்கட ரெண்டாவது கேள்விக்கு இப்பத்தான் பதில் வந்த" என்று குடையைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னோம். அவள் குடையை வாங்கி இரண்டு தரம் மறுபக்கம் திருப்பினாள். மூன்றாவது தரம் ஒரு கம்பி கழன்றுவிட்டது.

கழன்ற கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப இது எத்தன தரம் திரும்பினா உடையும் சேர்?"

உறவுகளே, இன்று கீலிலும் பென்சில்வேனியாவிலும் ஆய்வாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இதுதான். ரெம் மாதிரி வேலை செய்ய வேண்டுமென்றால் கோடிக்கோடித் தடவை திரும்பினாலும் கம்பி கழலக் கூடாது. நைத்திரைட்டுகள் அந்த இடத்தை இன்னும் தொடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளே சிறு சிறு பழுதுகள் சேர்கின்றன. அதைக் குறைக்கும் வழியைத்தான் தேடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று, ஆய்வுகூடம் ஒன்றைக் கண்ணால் காணாமல், கழன்ற ஒரு குடைக்கம்பியை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்கிறது.

இந்த முறை நாங்கள் "பார்த்துச் சொல்றோம்" என்று சொல்லவில்லை. "நீங்க பார்த்துச் சொல்லுங்க மகள்" என்றோம். சிரித்துவிட்டுப் போனாள். அவளுடைய உம்மாதான், "என்ன சேர், குடையை உடைச்சிட்டாளா? நாங்க ஒண்டு வாங்கித் தாறம்" என்று வருத்தப்பட்டார். வேண்டாம் என்றோம். அந்தக் குடை இப்போதும் எங்கள் வகுப்பு அலுமாரிக்குள் இருக்கிறது. அடுத்த வருடமும் பாடத்துக்குத் தேவை.

கடைசியாக இரண்டு விசயம்.

ஒன்று, வீட்டில் மௌத்தானவர்களின் பழைய போன் இருந்தால், பென் ட்ரைவ், மெமரி கார்ட் இருந்தால், இந்தக் கிழமைக்குள் எடுத்துச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். படங்களையும் குரல்களையும் இரண்டு மூன்று இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்றை வேறொரு வீட்டில், கடலுக்குத் தூரமாக உள்ள சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள். சூடான இடத்தில் வைக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். கசியாத நினைவகம் வரும்வரை அந்த வேலை நம்முடையது.

இரண்டு, பிள்ளை கேள்வி கேட்டால் பெயரைச் சொல்லி வாயை மூட வேண்டாம். நாங்களும் அதைத்தான் செய்யப் பார்த்தோம். அவள் விடவில்லை.

வாப்பாவின் அந்தப் பதினொரு செக்கனை உம்மா இப்போதும் சில நாட்களில் மஃரிபுக்குப் பிறகு கேட்பார். பாண், எண்ணெய், இருட்டுறத்துக்கு முந்தி. எங்கள் வாப்பாவுக்காக ஒரு துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.